திருக்கடையூர் தாண்டுமா இந்த வண்டி?

பூம்புகாருக்கு அணித்தே, மேலையூர்ப் பக்கமாக, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வாழ்கின்றார். அவர் வீட்டின் பின்புறம், முன்னாளில் மாட்டுக்கொட்டிலாக இருந்த கீற்றுக் கொட்டகையில், பல ஆண்டுகளாக ஓர் அம்பாசிடர் கார் நின்றுகொண்டிருந்தது. அவருடைய தந்தையார் வாங்கிய வண்டி அது, 1974-இல் பதிவானது. அந்நாட்களில் புதிய கார் வேண்டுமெனில் பணத்தைக் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்து வந்து சேர்ந்த பொருளுக்கு ஒரு குடும்பத்தில் எத்தகைய மரியாதை இருந்திருக்கும் என்பதை, வாசக அன்பர்களே, உங்களில் மூத்தவர்கள் அறிவீர்கள். மாதாவின் திருநாளுக்கு வேளாங்கண்ணி செல்வது அந்த வண்டியில்தான். பிள்ளைகளின் திருமணத்திற்கு மணமக்களை ஆலயத்திற்கு அழைத்து வந்ததும் அந்த வண்டியே. பெரியவர் மறைந்தபின் அதை எடுப்பார் இல்லை. பின்னிருக்கையில் கோழிகள் அடைகாத்தன என்று ஆசிரியரே நகைத்துக்கொண்டு சொல்வார்.

அவருடைய அன்னையாருக்கு இப்போது வயது எண்பத்து நான்கு. ஒருநாள் அவர் மகனிடம், "கண்ணை மூடுறதுக்குள்ள ஒரு தடவை உங்கப்பா வண்டியில வேளாங்கண்ணி போயிட்டு வந்துடணும், தம்பி" என்றாராம். அதன்பின் அதைப்பற்றி அவர் வாய் திறக்கவில்லை. ஒருமுறை சொல்லிவிட்டு மௌனமாகிவிடும் தாய்மாரின் சொல்லுக்குத்தான் வலிமை அதிகம். மறுவாரமே வண்டி கயிறு கட்டி இழுக்கப்பட்டு மயிலாடுதுறையில் ஒரு பட்டறைக்குப் போயிற்று.

ஏழு மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தபோது ஊரே கூடிநின்று பார்த்தது. எஞ்சினைப் பிரித்து ரிங் மாற்றி, வால்வு தேய்த்து, தகரத்தில் துரு தின்ற இடங்களை வெட்டியெறிந்து ஒட்டுப்போட்டு, வெண்ணிறம் பூசியிருந்தார்கள். ஆசிரியர் மகிழ்ச்சி மிகுதியால் பொறுக்கமாட்டாதவராய், அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்த கையோடு அன்னையை முன்னிருக்கையில் அமர்த்திப் புறப்பட்டுவிட்டார். சித்திரை வெயில். பதினான்கு கிலோமீட்டர் அளவு சென்று திருக்கடையூரை நெருங்கும்போது எஞ்சின் இரண்டுமுறை இருமியது, பிறகு நின்றுவிட்டது. அரைமணி நேரம் கழித்துத் தட்டியபோது உயிர் வந்தது. ஒரு கிலோமீட்டர் ஓடி மீண்டும் நின்றது. எண்பத்து நான்கு வயது மூதாட்டி ஒரு புளியமரத்தடியில் மூன்று மணி நேரம் அமர்ந்திருந்து, இறுதியில் ஆட்டோவில் வீடு திரும்பினார். குறை ஒன்றும் கூறவில்லை. "உங்கப்பா இருந்தா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான்.

வண்டி மறுபடியும் பட்டறைக்குச் சென்றது. காயில் மாற்றினார்கள். கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். "சரியாயிட்டுது சார், எங்க வேணும்னாலும் போகலாம்" என்று சொல்லி அனுப்பினார்கள். ஆசிரியரோ ஊர் எல்லையைத் தாண்டவில்லை. கடைத்தெருவரை போவார், திரும்புவார். கேட்டால், வேலை இருக்கிறது என்பார். குருமடத்தில் முதன்முதலாக மறையுரை ஆற்ற எழுந்து, பாதியில் அனைத்தும் மறந்து நின்றவனுக்கு இந்நிலை நன்றாகவே புரியும். அடுத்தமுறை உரை முழுவதும் மனப்பாடமாக இருந்தாலும் கால் நடுங்கவே செய்யும்.

இவர் ஒருவரது அனுபவம் மட்டுமன்று இது. அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதத்தில் கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் நின்றுபோயிற்று. பம்பாயில் உருவான பத்மினியும், நம் சென்னையில் 1961 முதல் ஸ்டாண்டர்டு நிறுவனம் செய்த ஹெரால்டும் அதற்கு முன்பே நின்றுவிட்டவை. ஆயினும் தந்தை, பாட்டன் காலத்து வண்டியைப் பழுதுபார்த்து மீண்டும் ஓட்டவேண்டும் என்ற ஆவல் இன்று பல குடும்பங்களில் எழுந்திருக்கிறது. அவ்வாறு பழுதுபார்த்தவர்களில் பெரும்பாலோர் ஆசிரியரைப் போலவே பத்துக் கிலோமீட்டர் வட்டத்திற்குள் சுற்றிக்கொண்டிருக்கின்றனர். ஆதலால் இதைச் சற்று விரிவாகவே எழுதத் துணிகிறேன்.

முதலில் அந்தத் திருக்கடையூர்ப் பழுதின் காரணம். அதைக் கண்டுபிடித்தவர் பட்டறைக்காரர் அல்லர். மயிலாடுதுறையில் முப்பது ஆண்டுகள் அம்பாசிடர் வாடகைக் கார் ஓட்டி ஓய்ந்த முதியவர் ஒருவர். நடந்ததை அவர் பொறுமையாகக் கேட்டார். "நின்னதும் உடனே ஸ்டார்ட் ஆகல்ல, அரைமணி விட்டதும் ஆச்சு. அப்படித்தானே சார்?" என்றார். ஆம் என்றதும், "டேங்கைக் கழட்டுங்க" என்றார். கழற்றிக் கவிழ்த்தபோது, பெட்ரோலோடு ஒரு கைப்பிடித் துரு செதில் செதிலாகக் கொட்டியது. ஆண்டுக்கணக்கில் சும்மா நின்ற வண்டியின் தொட்டியில் உள்ளே காற்றின் ஈரம் தங்கித் துருப்பிடிக்கும். கடற்கரை ஊரில் கேட்கவே வேண்டாம். வண்டி ஓடும்போது எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வாயில் அத்துரு சென்று அடைத்துக்கொள்கிறது. எஞ்சின் தாகத்தால் நிற்கிறது. நின்றபின் உறிஞ்சுதல் இல்லை, செதில்கள் மெல்லக் கீழே படிகின்றன, வழி திறக்கிறது, எஞ்சின் உயிர்பெறுகிறது. காயிலை எத்தனைமுறை மாற்றினாலும் இது தீராது. கடைத்தெரு வரை ஓட்டிப் பார்த்தாலும் தெரியாது, ஏனெனில் துரு கிளம்பிவந்து அடைக்கச் சிறிது தூரம் தேவைப்படுகிறது.

இங்கு இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்நாளில் பெட்ரோலில் இருபது விழுக்காடு எத்தனால் கலந்து விற்கிறார்கள். 2023 பிப்ரவரியில் தொடங்கியது, இப்போது நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. பழைய படிவங்களைக் கரைத்துக் கிளப்பும். பழங்கால ரப்பர்க் குழாய்களையும் பம்பிலுள்ள ரப்பர்த் தகட்டையும் ஊறவைத்துக் கெடுக்கும். ஆகவே பழைய வண்டியின் பெட்ரோல் குழாய் பார்வைக்கு நன்றாக இருந்தாலும், இக்காலப் பெட்ரோலைத் தாங்கும் புதிய குழாயாக மாற்றிவிடுவதே அறிவுடைமை. எஞ்சினின் சூட்டிற்கு அருகே பெட்ரோல் கசியுமாயின் அதன் விளைவை நான் சொல்ல வேண்டியதில்லை. வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பதாயின் தொட்டியை நிரப்பி வைப்பது நலம். காற்றுக்கு இடம் குறைந்தால் ஈரத்திற்கும் இடம் குறையும்.

காரணம் கைக்குள் வந்ததும் ஆசிரியரின் முகத்தில் பாதி அச்சம் அகன்றதை நான் நேரில் கண்டேன். தொட்டியைச் சுத்தம் செய்து, வழியில் ஒரு கண்ணாடி வடிகட்டியும் பொருத்தினார்கள். இனித் துரு வந்தால் கண்ணுக்கே தெரியும்.

உலகில் முதன்முதலாக மோட்டார் காரில் நெடுந்தூரம் சென்றவர் ஒரு பெண்மணி, அதுவும் ஒரு குடும்பத்தலைவி என்பதை நம் தாய்மார்கள் அறிந்துகொள்வது நல்லது. செர்மானிய நாட்டில் காரைக் கண்டுபிடித்த கார்ல் பென்சு என்பவர் தம் வண்டியைப் பட்டறையைச் சுற்றிச் சுற்றியே ஓட்டிக்கொண்டிருந்தார். மக்கள் அதை நம்பி வாங்கவில்லை. 1888 ஆகஸ்டு மாதத்தில் அவருடைய மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமலேயே, மகன்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைம் நகரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஃபோர்ட்ஸ்ஹைம் என்னும் தம் தாய்வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். வழியில் அவருக்கு நேர்ந்த முதல் தொல்லைகளுள் ஒன்று, நம் ஆசிரியருக்கு நேர்ந்ததேதான்: எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் செருகும் நீண்ட ஊசியால் அதைக் குத்தித் திறந்தார். மின்கம்பியின் உறை தேய்ந்தபோது காலுறையைக் கட்டும் பட்டையைச் சுற்றினார். வீஸ்லாக் என்ற ஊரில் மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கினார். மேட்டில் ஏற மாட்டாத வண்டியை மகன்கள் இறங்கித் தள்ளினார்கள். தேய்ந்த பிரேக் கட்டைக்குச் செருப்புத் தைப்பவரிடம் தோல் தைத்துக்கொண்டார். மாலையில் தாய்வீடு சேர்ந்து கணவருக்குத் தந்தி கொடுத்தார். அப்பயணத்தில் வெளிப்பட்ட குறைகளைக் கொண்டே பென்சு தம் வண்டியைத் திருத்தினார். மேடேறுவதற்கென்று இன்னொரு கியர் சேர்த்தது அவற்றுள் ஒன்று. பட்டறையைச் சுற்றி எத்தனை ஆண்டுகள் ஓட்டினாலும் அந்தக் குறை அவருக்குத் தெரிந்திராது.

இனி, முதிய ஓட்டுநர் நம் ஆசிரியருக்குச் சொன்ன முறையைச் சொல்கிறேன். நெடும்பயணம் என்பதை ஒரே நாளில் தாண்டும் கடலாக எண்ணாமல், வீட்டைச் சுற்றி வட்டம் வட்டமாக விரித்துக்கொண்டு போகவேண்டும் என்றார். முதல் வட்டம் ஐந்து கிலோமீட்டர்; நின்றுபோனால் நடந்து வீடு சேரும் தூரம். நாள்தோறும் பத்துநாள். பிறகு திருவெண்காடு. பிறகு சீர்காழி, இருபது கிலோமீட்டர் அளவு. பிறகு மயிலாடுதுறை சென்று, வண்டியை ஆறவிடாமல் உடனே திரும்புவது. ஒவ்வொரு வட்டத்தையும் மூன்றுமுறை குறையின்றி முடித்தபின்பே அடுத்தது.

அந்தப் பத்து நாள்களில் சும்மா ஓட்டுவதில்லை. புதிதாகப் பூட்டிய எதுவும் முதல் சில நூறு கிலோமீட்டரில் தன் இடத்தில் அமர்ந்துகொள்ளும், அமரும்போது தளரும். ஆகவே சக்கர நட்டுகளை ஐம்பது கிலோமீட்டரில் ஒருமுறை மீண்டும் முறுக்கிப் பார்க்கவேண்டும். எஞ்சின் தலைப்பகுதியின் நட்டுகளை உரிய அளவுக்குத் திரும்ப இறுக்கி, டேப்பட் இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். பேன் பெல்ட் நீளும். புதிய ரிங் போட்ட எஞ்சினை முதல் சில நூறு கிலோமீட்டர் விரட்டக்கூடாது. அதற்காக ஒரே வேகத்தில் ஊர்ந்துகொண்டும் இருக்கக்கூடாது. ஐந்நூறு கிலோமீட்டரில் எண்ணெயை மாற்றினால், வடியும் எண்ணெயில் உலோகப் பொடி மின்னுவதைக் காணலாம்.

வண்டியை நிறுத்தியதும் இறங்கி நான்கு சக்கரங்களின் நடுப்பகுதியையும் புறங்கையால் மெதுவாகத் தொட்டுப்பார்க்கச் சொன்னார் அம்முதியவர். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கொதித்தால், அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது பேரிங் இறுகியிருக்கிறது. டாக்டர் நாடி பார்ப்பது போன்றதே இது. கருவி ஒன்றும் வேண்டாம்; பழகிய கை போதும்.

பிரேக்கைப் பற்றிச் சற்று நின்று பேசவேண்டும். அந்தக் கால அம்பாசிடரில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்கே உண்டு. இன்றைய சிறு கார்களைப்போல் மிதிக்குத் துணைசெய்யும் கருவி கிடையாது. ஆசிரியர் பல ஆண்டுகள் புதிய கார் ஓட்டிப் பழகியவர். இரண்டையும் ஒன்றென எண்ணிவிட்டால் ஆபத்து. வேகம் இருமடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பது பள்ளிப் பௌதிகம்; அவர் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய விஷயந்தான். ஆயினும் விடியற்காலையில் ஆளரவமற்ற சாலையில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் மிதித்து, நின்ற இடம்வரை காலடியால் அளந்து பார்த்தபோதுதான் அது தமக்கு விளங்கிற்று என்றார். பிரேக் எண்ணெயும் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது; நெடுநாள் நின்ற வண்டியில் அதை முழுவதும் மாற்றி, சக்கரச் சிலிண்டர் ரப்பர்களையும் மாற்றாமல் ஊர் எல்லையைத் தாண்டுவது மடமை. டயரும் அப்படியே. பட்டை தேயாமல் பளபளவென்று இருக்கும் பழைய டயரை நம்பாதீர்கள். அதன் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், பின்னிரண்டு ஆண்டு. அதுவே டயரின் ஞானஸ்நானப் பதிவேடு.

நம் காவிரிப் படுகைக்கென்றே சில சங்கடங்கள் உண்டு. எங்கும் சமவெளி, மேடு பள்ளமில்லை. எஞ்சினையோ பிரேக்கையோ சோதிக்க ஒரு குன்றுகூட இல்லாத நாடு. ஆனால் தை, மாசியில் வைக்கோல் ஏற்றிய டிராக்டரின் பின்னால் குறுகிய சாலையில் ஆமைபோல ஊரும்போது, காற்றுப் படாமல் ரேடியேட்டர் கொதிக்கும். சாலையிலேயே நெல்லைக் காயப்போட்டிருப்பார்கள், வைக்கோலைப் பரப்பியிருப்பார்கள். வைக்கோல் அடியில் சுற்றிக்கொண்டு சூடான புகைக்குழாயில் பட்டுத் தீப்பிடிப்பது உண்டு. கடந்தபின் இறங்கிப் பார்ப்பது நலம். ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்கால் வழிந்து சாலையில் நீர் ஓடும். டிரம்முக்குள் நீர் புகுந்தால் பிரேக் பிடிக்காது. தண்ணீரைத் தாண்டியதும் மெதுவாக ஓட்டிக்கொண்டே மிதியை இலேசாக அழுத்திச் சூடேற்றிக் காயவைக்க வேண்டும். உப்புக்காற்று மின்கம்பி முனைகளில் பச்சை பூக்கச் செய்யும். விளக்கு மங்கினால் உடனே பாட்டரியைக் குறைசொல்லாமல், அதன் கம்பி வண்டியின் உடலோடு சேரும் இடத்தைச் சுரண்டித் துடையுங்கள்.

வண்டியில் எப்போதும் இருக்க ஒரு தகரப்பெட்டியை ஆசிரியர் தயார் செய்தார்: பேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், இரண்டு பிளக், பாயிண்டும் கண்டென்சரும், பியூஸ், ஒரு முழம் பெட்ரோல் குழாய், கிளிப், ஒட்டும் டேப், கம்பி, ஸ்பானர்கள், டார்ச், இழுக்கும் கயிறு, இரண்டு குடுவை நீர், பழந்துணி. பழந்துணி எதற்கு என்றேன். கடும் வெயிலில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி எஞ்சின் நின்றால், நனைத்து பம்பின்மேல் போடுவதற்காம். தம் காலத்து ஓட்டுநர்கள் யாவரும் அறிந்த வைத்தியம் அது என்றார் முதியவர்.

இன்னொரு பழக்கம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆசிரியர் ஒரு நாட்குறிப்பு எழுதலானார். தேதி, தூரம், பெட்ரோல், எண்ணெய், ரேடியேட்டரில் ஊற்றிய நீர், கேட்ட சத்தம். முதல் பக்கங்களில் ஒவ்வொரு நாளும் இரண்டு மூன்று குறைகள். பிறகு ஒன்று. பிறகு, "ஒன்றுமில்லை" என்ற சொல். அச்சம் எழும்போதெல்லாம் அந்தப் பக்கங்களைப் புரட்டுவேன் என்றார். மனம் பழைய தோல்வி ஒன்றையே திரும்பத் திரும்ப எண்ணும். ஏட்டில் நாற்பது நாள் நலமாக ஓடியதும் எழுதியிருக்கிறது.

பூம்புகாரிலிருந்து நெடுவழி புறப்பட்டவர்களின் கதை நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் புறப்பட்டு, முதலில் ஒரு காவதமே கடந்து கவுந்தி அடிகள் இருந்த இடத்தில் தங்குகிறார்கள். அதற்குள்ளாகவே களைத்துப்போன கண்ணகி, மதுரை எது என்று வினவுகிறாள். முப்பது காதந்தான் என்று அவன் விடைதருகிறான். மொத்தத் தூரத்தையும் முதல்நாளிலேயே மனத்தில் சுமந்தால் எவருக்கும் கால் எழாது.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். சொந்தக் காரின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்கு; அதன்பின் சோதனைக்கு உட்படுத்தி ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கென 2021 சூலையில் மைய அரசு தனி விதி கொணர்ந்தது. அதன்கீழ்ப் பழம்பெரும் வண்டியாகப் பதிந்தால் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கே சாலையில் எடுக்கலாம். அன்றாடம் ஓட்ட இயலாது. ஆகவே ஆசிரியர் பழைய பதிவையே புதுப்பித்துக்கொண்டார். காப்பீடும் புகைச் சான்றும் இல்லாமல் எவரும் வண்டியை எடுக்கவேண்டாம்.

ஆவணித் திருநாள் நெரிசல் தணிந்தபின், புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை, விடியுமுன் ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். அன்னையார் முன்னிருக்கையில், முதிய ஓட்டுநரும் நானும் பின்னால். வேளாங்கண்ணி ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். குளிர்ந்த வேளையில் பாதித் தூரம் கடந்துவிட வேண்டும் என்பது திட்டம். திருக்கடையூரை நெருங்க நெருங்க ஆசிரியர் பேசுவதை நிறுத்திக்கொண்டார். அந்தப் புளியமரம் வந்தது. வண்டியின் ஓசையில் ஒரு மாறுதலும் இல்லை. அவர் மட்டும் வேகத்தைக் குறைத்தார். "ஏன் தம்பி மெதுவாப் போற? அது அன்னைக்கு" என்றார் அன்னை.

தரங்கம்பாடியில் நிறுத்தித் தேநீர் அருந்தினோம். கடலிலிருந்து சூரியன் கிளம்பிக்கொண்டிருந்தது. ஆசிரியர் சக்கரம் நான்கையும் தொட்டுப்பார்த்தார், வடிகட்டிக் கண்ணாடியை நோக்கினார், குறிப்பெழுதினார். காரைக்காலில் பெட்ரோல் விலை வழக்கமாகச் சற்றுக் குறைவாதலால் அங்கே நிரப்பிக்கொண்டோம். நாகூர் தாண்டி நாகப்பட்டினத்துக் கடைத்தெரு நெரிசலில் வெப்பமுள் மேலே ஏறியது. அவர் பதறவில்லை, ஓரமாக நிறுத்தி, மூடியைத் திறக்காமல் கால்மணி நேரம் ஆறவிட்டார். கொதிக்கும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்களை நான் மருத்துவமனையில் சந்தித்திருக்கிறேன்.

வேளாங்கண்ணியில் அன்னையார் நெடுநேரம் மன்றாடிவிட்டு வெளியே வந்தார். வண்டியின் கதவருகே நின்று, முன்மூடியின்மேல் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் அப்படியே இருந்தார். சூடாக இருக்கும் அம்மா, கையை எடுங்கள் என்றார் மகன். "இருக்கட்டும்" என்றார்.

திரும்புகையில் மூவரும் உறங்கிவிட்டோம் என்று ஆசிரியர் பின்னர் குறைபட்டுக்கொண்டார். இரவு அவர் காட்டிய ஏட்டில், நூற்று நாற்பது கிலோமீட்டர், பதினான்கு லிட்டர், தண்ணீர் அரைக்குடுவை, இடப்பின் சக்கரம் சிறிது சூடு என்று எழுதியிருந்தது. சனிக்கிழமை அந்தச் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, அடுத்த மாதம் தஞ்சாவூருக்குப் போவதாக இருக்கிறார்.